கதைக்குள் இருக்கும் நாற்காலிக்குத் தனிக் கட்டுரை எழுதலாமா?

வாஷிங்டனில் உள்ள ஸ்மித்சோனியனின் அமெரிக்க வரலாற்று அருங்காட்சியகத்துச் சேகரிப்பில் ஒரு பழைய மெத்தை நாற்காலி இருக்கிறது. அதில் உட்கார்ந்தவர் அதிபரும் இல்லை, அறிவியலாளரும் இல்லை. ஆர்ச்சி பங்கர் என்ற கற்பனை மனிதர். 1971இல் தொடங்கிய ‘ஆல் இன் த ஃபேமிலி’ என்ற அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரின் குடும்பத் தலைவர். அவர் வீட்டில் யார் வேண்டுமானாலும் எங்கே வேண்டுமானாலும் உட்காரலாம், அந்த நாற்காலியைத் தவிர. தயாரிப்புக் குழு அதைப் பழைய சாமான் கடையில் வாங்கியிருந்தது. 1978இல் அருங்காட்சியகத்துக்குக் கொடுத்துவிட்டார்கள். அப்புறமும் தொடர் ஓடியதால், அதே போல இன்னொரு நாற்காலியைச் செய்ய வேண்டியதாயிற்று.

இந்த நாற்காலிக்கு விக்கிப்பீடியாவில் தனிக் கட்டுரை எழுதலாமா? அதே வீட்டுக் கூடத்தில் இருக்கும் மேசை விளக்குக்கு எழுதலாமா? இரண்டும் ஒரே தொடரில், ஒரே அறையில், ஒரே காட்சியில் இருந்தவைதான். ஆனாலும் இரண்டு கேள்விக்கும் பதில் வேறு. அந்த வேறுபாடு எங்கிருந்து வருகிறது என்று பிடிபட்டுவிட்டால் பாதி வேலை முடிந்தது. தொலைக்காட்சித் தொடர்களில் வரும் பாத்திரங்கள், ஊர்கள், கருவிகள், தனி அத்தியாயங்கள் பற்றி எழுத ஆசையோடு வரும் புதியவர்களுக்காக இதை எழுதுகிறேன். அந்த ஆசையை நான் மிகவும் மதிக்கிறேன். பிடித்த தொடர் ஒன்றைப் பற்றி எழுதத்தான் பலரும் முதன்முதலில் ‘தொகு’ என்ற பொத்தானை அழுத்துகிறார்கள். அந்த முதல் கட்டுரை ஒரே வாரத்தில் நீக்கப்பட்டால், அவர்களில் பலர் திரும்பி வருவதில்லை. அப்படி ஆகக் கூடாது.

முதலில் விதி. ஆங்கில விக்கிப்பீடியாவின் பொதுவான குறிப்பிடத்தக்கமை விதி சொல்வது இவ்வளவுதான்: ஒரு பொருளைப் பற்றி, அதோடு தொடர்பில்லாத, நம்பத்தக்க ஆதாரங்களில் விரிவாக எழுதப்பட்டிருந்தால் அதற்குத் தனிக் கட்டுரை அமையலாம். ‘அமையலாம்’ என்பதைக் கவனியுங்கள். ஆதாரம் இருந்தாலும், தொடரைப் பற்றிய தாய்க் கட்டுரைக்குள்ளேயே சொல்லிவிடலாம் என்று மற்றவர்கள் முடிவுசெய்ய இடமுண்டு. புனைவுக்கென்று தனியாக ஒரு விதி வகுக்கப் பல முறை முயன்றார்கள், ஒத்த கருத்து ஏற்படவில்லை. அதனால் பாலத்துக்கும் பாட்டிவைத்தியத்துக்கும் என்ன அளவுகோலோ, அதுதான் விண்வெளிக் கப்பலுக்கும்.

இன்னொரு விதியும் கூடவே வரும். கதையை மட்டும் திரும்பச் சொல்லும் கட்டுரை கலைக்களஞ்சியக் கட்டுரை ஆகாது. புதியவர்கள் அதிகம் தடுக்கி விழும் இடம் இதுதான்.

ஒரு தாள், நடுவில் ஒரு கோடு

எழுதத் தொடங்கும் முன் ஒரு தாளை எடுத்து நடுவில் கோடு போடுங்கள். இடப்பக்கம் ‘கதைக்குள்’ என்று எழுதுங்கள், வலப்பக்கம் ‘கதைக்கு வெளியே’ என்று எழுதுங்கள். உங்களுக்குத் தெரிந்த ஒவ்வொரு தகவலையும் இரண்டில் ஒரு பக்கத்தில் போடுங்கள். பத்து நிமிட வேலை.

ஒரு பயிலரங்கில் கல்லூரி மாணவர் ஒருவர் என் பக்கத்தில் உட்கார்ந்து இதைச் செய்தார். ஸ்டார் டிரெக் என்ற அமெரிக்க விண்வெளித் தொடர் என்றால் அவருக்கு உயிர். ஒரே ஓர் அத்தியாயத்தில் வந்துபோகும் ஒரு கிரகத்தைப் பற்றி எழுத வேண்டும் என்றார். இடப்பக்கம் தாள் கொள்ளாமல் நிறைந்தது: கிரகத்தின் காற்று எப்படி, அங்கே யார் ஆள்கிறார்கள், கப்பல் ஏன் போனது, யார் இறந்தார்கள், கடைசியில் என்ன உடன்பாடு. எல்லாம் சரியான தகவல்கள். வலப்பக்கத்தில் ஒரே வரி, அத்தியாயம் ஒளிபரப்பான தேதி. அவர் பேனாவை வைத்துவிட்டு அந்த வெற்றிடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் எதுவும் சொல்லத் தேவைப்படவில்லை.

அப்புறம் அதே ஸ்டார் டிரெக்கிலிருந்து இன்னொன்றை எடுத்தோம்: டிரைகார்டர். கையில் பிடித்து நோயாளி மேல் காட்டினால் என்ன நோய் என்று சொல்லிவிடும் சிறு கருவி. இடப்பக்கம் நான்கைந்து வரிதான் வந்தது. வலப்பக்கம் நிறையத் தொடங்கியது. குடும்பங்கள் வீட்டிலேயே நோயறிய உதவும் கையடக்கக் கருவியைச் செய்பவர்களுக்கு ஒரு கோடி டாலர் பரிசுப் போட்டி என்று 2012இல் எக்ஸ் பிரைஸ் அறக்கட்டளை அறிவித்தது. போட்டியின் பெயரிலேயே டிரைகார்டர் இருந்தது. 2017இல் பரிசுகள் கொடுக்கப்பட்டன. மருத்துவக் கருவிகளைப் பற்றி எழுதும் இதழாளர்கள் வேறு கருவிகளுக்கும் அதை உவமையாகச் சொல்கிறார்கள். கதையில் அது எப்படி வேலை செய்கிறது என்று நமக்குத் தெரியாது. கதைக்கு வெளியே அது என்ன வேலை செய்தது என்று நன்றாகத் தெரியும். கட்டுரை அங்கேதான் பிறக்கிறது.

கதைக்குள் முக்கியமா என்பது கேள்வியே இல்லை. கதாநாயகனின் தாய் கதைக்கு ரொம்ப முக்கியமாக இருக்கலாம். கதையே அவளைச் சுற்றிப் போகலாம். ஆனால் தொடருக்கு வெளியே யாரும் அவளைத் தனியாக எடுத்துப் பேசவில்லை என்றால், அவளுக்கு இடம் தொடரின் கட்டுரைக்குள்தான். மாறாக, கதையில் வெறும் வீட்டுச் சாமானாக இருந்த நாற்காலி அருங்காட்சியகம் வரைக்கும் போயிருக்கலாம்.

இந்தத் தாள் வேலையை நன்றாகக் காட்டும் உதாரணம் டார்டிஸ்தான். பிபிசியின் டாக்டர் ஹூ தொடர் 1963 நவம்பர் 23 அன்று தொடங்கியது. அதில் வரும் கால ஊர்தி, வெளியிலிருந்து பார்த்தால் லண்டன் தெருவில் நின்ற நீல நிறப் போலீஸ் பெட்டி போலவே இருக்கும். உள்ளே போனால் பெரிய கூடம். அது கதை. வெளியே நடந்தது அதைவிடச் சுவையானது. பொதுமக்கள் காவல் நிலையத்தைத் தொலைபேசியில் அழைப்பதற்காக அந்தக் காலத்தில் பிரிட்டனின் தெருக்களில் நிஜமாகவே அப்படிப் பெட்டிகள் நின்றன. காலப்போக்கில் அவை பெரும்பாலும் மறைந்துவிட்டன, தொடர் மறையவில்லை. இப்போது அந்த வடிவத்தைப் பார்ப்பவருக்குப் போலீஸ் நினைவு வருவதில்லை, டாக்டர் நினைவுதான் வருகிறது. 1990களில் அந்த வடிவத்தைத் தன் வணிகக் குறியாகப் பதிய பிபிசி விண்ணப்பித்தபோது, லண்டன் பெருநகரக் காவல்துறை எதிர்த்தது. 2002இல் தீர்ப்பு பிபிசி பக்கம் வந்தது. நிஜமான காவல்துறையின் நிஜமான பெட்டி ஒரு கற்பனைக் கதைக்குச் சொந்தமாகிவிட்டது. டார்டிஸ் என்ற சொல் ஆக்ஸ்ஃபோர்டு அகராதியிலும் ஏறிவிட்டது. இவ்வளவு இருக்கும்போது கட்டுரைக்குக் கதையே பெரிதாகத் தேவைப்படாது.

தாளில் வலப்பக்கம் என்னென்ன வகையில் நிறையும் என்று ஒரு பழக்கம் வர, இன்னும் சிலவற்றைப் பாருங்கள்.

சொல்லாக மாறியவை உண்டு. ‘த சிம்ப்சன்ஸ்’ என்ற கார்ட்டூன் தொடரின் ஹோமர் சிம்ப்சன் எரிச்சலில் போடும் ‘டோ!’ என்ற சத்தம் 2001இல் ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியில் சேர்ந்தது. ஸ்டார் டிரெக்கில் வரும் வேற்றுக்கிரக இனத்தின் மொழியான கிளிங்கன், மார்க் ஒக்ராண்ட் என்ற மொழியியலாளர் இலக்கணத்தோடு உருவாக்கி, 1985இல் அகராதியாக வெளிவந்தது. 1992இல் அதற்கென ஒரு நிறுவனமே தொடங்கினார்கள்.

பழக்கமாக மாறியவையும் உண்டு. சைன்ஃபெல்டு தொடரில் 1997 டிசம்பர் 18 அன்று ஒளிபரப்பான அத்தியாயத்தில் ஃபெஸ்டிவஸ் என்றொரு பண்டிகை வருகிறது. கிறிஸ்துமஸ் மரத்துக்குப் பதில் வெறும் அலுமினியக் கம்பம். சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, இந்த வருடம் நீங்கள் எல்லாரும் எனக்கு எப்படியெல்லாம் ஏமாற்றம் தந்தீர்கள் என்று மனக்குறைகளைக் கொட்டும் சடங்கு. அதன் எழுத்தாளர்களில் ஒருவரான டான் ஓகீஃபின் அப்பா 1960களில் தன் வீட்டில் நிஜமாகவே தொடங்கிய பண்டிகை அது. வீட்டிலிருந்து தொடருக்குப் போய், தொடரிலிருந்து பல வீடுகளுக்கு வந்தது. 2005இல் விஸ்கான்சின் மாநில ஆளுநர் தன் இல்லத்தில் ஃபெஸ்டிவஸ் கம்பம் நட்டார். இப்படி ஒன்றைக் கதைத் துணுக்கு என்று ஒதுக்க முடியாது.

தனி அத்தியாயங்களுக்கும் இதே கணக்குதான். போக்கிமான் தொடருக்கு நூற்றுக்கணக்கான அத்தியாயங்கள் உண்டு. 1997 டிசம்பர் 16 அன்று ஜப்பானில் ஒளிபரப்பான ஓர் அத்தியாயத்தில் சிவப்பும் நீலமும் வேகமாக மாறி மாறி மின்னும் ஒரு காட்சி வந்தது. அதைப் பார்த்த பிள்ளைகளுக்கு வலிப்பும் மயக்கமும் வந்து, 685 பேரை மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். தொடர் சில மாதம் நிறுத்தப்பட்டது. ஒளி மின்னும் காட்சிகளுக்கு ஒளிபரப்பாளர்கள் வழிகாட்டுதல் வகுத்தார்கள். மருத்துவ இதழ்களில் ஆய்வுகள் வந்தன. இந்த அத்தியாயத்துக்குத் தனிக் கட்டுரை தேவை என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. அதற்கு முந்தைய வார அத்தியாயத்துக்கு அப்படிச் சொல்ல முடியாது, அது இதைவிட நல்ல கதையாகவே இருந்தாலும்.

ஒரு கேள்வியே கட்டுரையானதும் உண்டு. அமெரிக்காவின் டாலஸ் தொடரில் 1980 மார்ச்சில் ஜே.ஆர். என்ற பாத்திரத்தை யாரோ சுட்டுவிடுகிறார்கள். யார் சுட்டது என்ற விடை நவம்பர் 21 அன்றுதான் வந்தது. அந்த இரவு அமெரிக்காவில் மட்டும் எட்டுக் கோடிக்கும் மேற்பட்டவர்கள் பார்த்தார்கள். நடுவில் எட்டு மாதம் அந்தக் கேள்வி சட்டைகளில் அச்சாகி விற்றது.

தேடுவது எப்படி

தாளின் வலப்பக்கம் உங்களுக்குத் தெரிந்ததை மட்டும் வைத்து நிறையாது, தேட வேண்டும். தேடுபொறியில் பாத்திரத்தின் பெயரை மட்டும் போட்டால் வருவதில் பெரும்பகுதி ரசிகர் தளங்களும் கதைச்சுருக்கங்களும்தான். பெயரோடு ‘விமர்சனம்’, ‘வரலாறு’, ‘அருங்காட்சியகம்’, ‘வழக்கு’, ‘வடிவமைப்பு’ போன்ற ஒரு சொல்லைச் சேர்த்துத் தேடுங்கள். ஆங்கிலத் தொடர் என்றால் அந்தச் சொற்களை ஆங்கிலத்தில் போடுங்கள். செய்தித்தாள் தொகுப்புகளில் தேடுங்கள். ஆய்வுக் கட்டுரைகளைத் தேடித் தரும் கூகுள் ஸ்காலரையும் கூகுள் புத்தகங்களையும் விட்டுவிடாதீர்கள். தொலைக்காட்சியைப் பற்றிப் பல்கலைக்கழகங்களில் நிறைய எழுதப்படுகிறது என்பது புதியவர்களுக்குத் தெரிவதில்லை.

கிடைப்பதைச் சலிப்பதுதான் முக்கிய வேலை. ஒளிபரப்பும் நிறுவனத்தின் இணையதளம், தயாரிப்பாளர் கொடுத்த செய்திக்குறிப்பு, தொடரின் அதிகாரபூர்வக் கையேடு, இவையெல்லாம் உண்மையாகவே இருக்கலாம். ஆனால் தொடர்பில்லாதவை அல்ல. தன் பிள்ளையைப் பற்றித் தாய் எழுதும் நற்சான்றிதழ் மாதிரி. நடிகரின் பேட்டியும் அப்படித்தான். கட்டுரையில் ‘உருவாக்கம்’ பகுதிக்கு அது அருமையான சரக்கு, ஆனால் குறிப்பிடத்தக்கமையை நிறுவ உதவாது. ஐஎம்டிபி என்ற திரைத் தகவல் தளம், ரசிகர் விக்கிகள், வலைமன்றங்கள் ஆகியவற்றை ஆதாரமாகக் கொடுக்காதீர்கள்.

‘விரிவாக’ என்ற சொல்லையும் அளந்து பாருங்கள். ‘தொலைக்காட்சியின் சிறந்த 50 நாய்கள்’ என்ற பட்டியலில் இரண்டு வரி வந்தால் அது விரிவு இல்லை. ஒரு விமர்சகர் நான்கு பத்தி அந்த நாயைப் பற்றியே எழுதியிருந்தால் அது விரிவு. தனி அத்தியாயம் ஒளிபரப்பான மறுநாள் வரும் கதைச்சுருக்க மதிப்புரையை நான் அரை ஆதாரமாகத்தான் எடுத்துக்கொள்வேன். எல்லா அத்தியாயத்துக்கும் அது வாராவாரம் எந்திரத்தனமாக வரும். ஐந்து வருடம் கழித்தும் யாராவது அந்த அத்தியாயத்தை எடுத்துப் பேசுகிறார்களா என்று பாருங்கள்.

எத்தனை ஆதாரம் போதும் என்று கேட்பார்கள். விதியில் எண் கிடையாது. என் பழக்கம் மூன்று. ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத மூன்று இடங்களில், ஒவ்வொன்றிலும் குறைந்தது சில பத்திகள் கிடைத்தால் எழுத உட்காருவேன். கிடைத்த அன்றே இணைப்புகளைக் குறித்து வையுங்கள். பழைய செய்திப் பக்கங்கள் மறைந்துவிடும், முடிந்தால் இணையக் காப்பகத்தில் ஒரு படி சேமித்துவிடுங்கள்.

எங்கே வைப்பது

ஆதாரம் கிடைக்கவில்லை என்றால் அந்தத் தகவலுக்கு எங்குமே இடமில்லை என்று நினைத்து மனம் உடைந்துவிட வேண்டாம். தனிக் கட்டுரை என்பது பல இடங்களில் ஓர் இடம், அவ்வளவுதான். தொடரின் கட்டுரையில் ஒரு பத்தியாகச் சேர்க்கலாம். பாத்திரங்கள் அதிகம் உள்ள பெரிய தொடர் என்றால், ‘இன்ன தொடரின் பாத்திரங்கள்’ என்ற பட்டியல் கட்டுரையில் ஒரு பதிவாகச் சேர்க்கலாம். யாராவது அந்தப் பெயரைத் தேடினால் அங்கே போய்ச் சேரும்படி ஒரு வழிமாற்றுப் பக்கம் போடலாம். வழிமாற்றை இரண்டாந்தரமாக நினைக்காதீர்கள். வாசகர் தேடியது கிடைத்துவிடுகிறது. நாளைக்கு ஆதாரம் வந்தால் அதே பக்கத்தைக் கட்டுரையாக விரிக்கலாம், பழைய வரலாறும் அப்படியே இருக்கும்.

இந்த ஏற்பாடு சண்டையில்லாமல் வந்துவிடவில்லை. ஆங்கில விக்கிப்பீடியாவின் ஆரம்ப ஆண்டுகளில் போக்கிமான் தொடரில் வரும் ஒவ்வொரு உயிரினத்துக்கும் தனிக் கட்டுரை இருந்தது. ஏதாவது ஒரு கட்டுரையை நீக்கலாமா என்று பேச்சு வந்தால், ‘போக்கிமானுக்கே இருக்கிறதே, இதற்கு ஏன் கூடாது?’ என்று கேட்பது வழக்கமாகி, அந்த வாதத்துக்குப் ‘போக்கிமான் சோதனை’ என்றே பெயர் வந்துவிட்டது. 2007 வாக்கில் அவற்றில் பெரும்பாலானவை பட்டியல்களுக்குள் இணைக்கப்பட்டன. அவற்றில் மிகப் புகழ்பெற்ற பிகாச்சு தனியாகவே நின்றது. அதே காலத்தில், தொலைக்காட்சி அத்தியாயங்களும் பாத்திரங்களும் பற்றிய கட்டுரைகளைச் சிலர் கூட்டம் கூட்டமாக இணைக்க, வேறு சிலர் மீட்க, தகராறு முற்றி நடுவர் குழு வரை போனது. அங்கே பேசப்பட்டது எது குறிப்பிடத்தக்கது என்பதைவிட, ஒருவரோடு ஒருவர் பேசாமல் மாற்றி மாற்றித் தொகுப்பதைப் பற்றித்தான்.

கதைக்குள் இருக்கும் எல்லாவற்றையும், கப்பலின் ஒவ்வொரு தளத்தையும் எழுத வேண்டும் என்ற ஆசை உங்களுக்கு இருந்தால், அதற்கென்றே இடங்கள் இருக்கின்றன. ஸ்டார் டிரெக்குக்கு மெமரி ஆல்ஃபா என்ற ரசிகர் விக்கி 2003இலிருந்து இருக்கிறது. அங்கே என் மாணவர் எழுத நினைத்த கிரகம் போன்றவற்றுக்கு ஆசனம் போட்டு வரவேற்பு. அது தாழ்ந்த வேலை என்று நான் நினைக்கவில்லை. ஒரு தொடரை வரிவரியாக நினைவில் வைத்திருப்பவர்களின் உழைப்பு அது. நோக்கம் வேறு, அவ்வளவுதான். அங்கே கதை உலகத்துக்குள் நின்று எழுதுகிறார்கள், இங்கே வெளியே நின்று எழுதுகிறோம்.

எழுதும்போது

வெளியே நின்று எழுதுவது என்றால் என்ன என்று முதல் வரியிலேயே தெரியும். பயிலரங்குகளில் நான் அடிக்கடி பார்க்கும் தொடக்கம் இப்படி இருக்கும்:

‘டார்டிஸ் என்பது காலத்திலும் வெளியிலும் பயணம் செய்யும் ஓர் ஊர்தி. இதன் உள்பகுதி வெளிப்பகுதியைவிடப் பெரியது.’

தொடரைப் பார்க்காத ஒருவர் இதைப் படித்தால், அப்படி ஓர் ஊர்தி எங்கோ இருப்பதாகவே நினைப்பார். இதையே இப்படித் தொடங்கிப் பாருங்கள்:

‘டார்டிஸ் என்பது பிபிசியின் டாக்டர் ஹூ என்ற பிரித்தானியத் தொலைக்காட்சித் தொடரில் வரும் கற்பனைக் கால ஊர்தி. 1963இல் ஒளிபரப்பான முதல் அத்தியாயத்திலேயே இது அறிமுகமானது. போலீஸ் பெட்டி வடிவில் உள்ள இதன் தோற்றம் பிபிசியின் வணிகக் குறியாகப் பதிவாகியுள்ளது.’

யார் உருவாக்கியது, எப்போது, எந்தத் தொடர், கற்பனை என்ற சொல். இந்த நான்கும் முதல் இரண்டு வாக்கியத்துக்குள் வந்துவிட வேண்டும். அப்புறம் கதை நிகழ்ச்சிகளை நிகழ்காலத்தில் எழுதுங்கள்: ‘அவர் தப்பிக்கிறார்’, ‘கப்பல் வெடிக்கிறது’. உலகத்தில் நடந்ததை இறந்தகாலத்தில் எழுதுங்கள்: ‘ஒளிபரப்பானது’, ‘வழக்குத் தொடுத்தது’. இந்தக் காலப் பிரிப்பை மட்டும் ஒழுங்காகச் செய்தால், வாசகருக்குக் கதையும் உலகமும் குழம்பாது. தமிழில் வினைமுற்று வாக்கியக் கடைசியில் வருவதால், ஒவ்வொரு வாக்கியத்தையும் முடிக்கும்போது ஒரு நொடி நின்று பார்க்கலாம்.

கதைச்சுருக்கத்தை அடக்கி எழுதுங்கள். தனி அத்தியாயம் பற்றிய கட்டுரையில் கதைச்சுருக்கம் 400 சொற்களைத் தாண்ட வேண்டாம் என்று ஆங்கில விக்கிப்பீடியாவின் நடைக் கையேடு சொல்கிறது. தமிழில் சொற்கள் நீளம், 250இலேயே முடியும். கதைச்சுருக்கத்துக்கு அத்தியாயமே ஆதாரம், தனி மேற்கோள் கட்டாயமில்லை. ஆனால் உங்கள் விளக்கத்தை அதில் நுழைக்கக் கூடாது. ‘அவர் கதவைச் சாத்துகிறார்’ என்பது கதை. ‘தனிமையின் குறியீடாக அவர் கதவைச் சாத்துகிறார்’ என்பது விமர்சனம். இரண்டாவதை ஒரு விமர்சகர் சொல்லியிருந்தால் அவர் பெயரோடு, மேற்கோளோடு எழுதுங்கள். நீங்களே கண்டுபிடித்தது எவ்வளவு அழகாக இருந்தாலும் இங்கே இடமில்லை.

கட்டுரையில் கதைச்சுருக்கத்தைவிட உருவாக்கம், வரவேற்பு, தாக்கம் ஆகிய பகுதிகள் கனமாக இருக்க வேண்டும். எழுதி முடித்ததும் கதைப் பகுதியைக் கையால் மறைத்துவிட்டு மீதியைப் படியுங்கள். மீதியே ஒரு கட்டுரையாக நின்றால் நல்லது. இரண்டு வரிதான் மிஞ்சுகிறது என்றால் அதைத் தாய்க் கட்டுரைக்குக் கொண்டுபோங்கள்.

படங்கள் பற்றி ஒரு வார்த்தை. திரையிலிருந்து பிடித்த படத்துக்குப் பதிப்புரிமை உண்டு, அதை விக்கிமீடியா பொதுவகம் என்ற கட்டற்ற படக் கிடங்கில் ஏற்றக் கூடாது. புதியவர்களின் பதிவேற்றங்கள் அதிகம் நீக்கப்படுவது இதனால்தான். முதல் கட்டுரையைப் படமில்லாமலே எழுதுங்கள்.

எல்லாவற்றையும் முதலில் உங்கள் மணல்தொட்டியில், அதாவது உங்கள் சோதனைப் பக்கத்தில், எழுதிப் பாருங்கள். அனுபவமுள்ள ஒருவரின் பேச்சுப் பக்கத்தில் போய், பார்த்துச் சொல்ல முடியுமா என்று கேளுங்கள். பெரும்பாலானவர்கள் மகிழ்ச்சியோடு பார்ப்பார்கள். தமிழ் விக்கிப்பீடியாவில் ஆலமரத்தடி என்ற பொது உரையாடல் பக்கத்தில் கேட்டாலும் பதில் வரும்.

தமிழில் எழுதுகிறவர்களுக்கு

தமிழ் விக்கிப்பீடியா 2003இல் தொடங்கியது. பெரிய சமூகம் இல்லை, அதனால் ஒவ்வொரு கட்டுரையையும் சிலர்தான் பார்த்துக்கொள்ள முடியும். ஆங்கிலத்தில் ஒரு கட்டுரை இருக்கிறது என்பதே தமிழில் எழுதக் காரணமாகிவிடாது. ஆங்கிலத்திலும் ஆதாரமில்லாமல், தலையில் எச்சரிக்கை வார்ப்புருவோடு (அறிவிப்புப் பெட்டியோடு) தொங்கும் கட்டுரைகள் நிறைய. மொழிபெயர்க்கும் முன் கீழே உள்ள மேற்கோள்களைத் திறந்து பாருங்கள். மொழிபெயர்த்தால், எந்தக் கட்டுரையிலிருந்து என்று தொகுப்புச் சுருக்கத்தில் (சேமிக்கும்போது எழுதும் சிறு குறிப்பில்) இணைப்போடு சொல்லிவிடுங்கள். அது உரிம விதி, மரியாதையும் கூட.

தமிழ்த் தொடர்களைப் பற்றி எழுத வருபவர்களுக்கு உண்மையான ஒரு சிரமம் உண்டு, அதை மறைக்க விரும்பவில்லை. ஆண்டுக்கணக்கில் இரவுதோறும் வீடுவீடாகப் பார்க்கப்பட்ட தொடர்களுக்குக்கூட நம் பத்திரிகைகளில் விரிவான விமர்சனம் கிடைப்பது அரிது. கிடைப்பதெல்லாம் நடிகர் பேட்டியும் நேரம் மாறிய செய்தியும்தான். 1990களில் சன் டிவியில் வந்த ‘விடாது கருப்பு’ தொடரைப் பார்த்துவிட்டு இரவில் தனியாக வெளியே போகப் பயந்த ஒரு தலைமுறையே இருக்கிறது. அந்தப் பயம் ஆதாரம் ஆகாது. யாராவது அச்சில் எழுதினால்தான் ஆகும். தொடருக்கு நல்ல கட்டுரை எழுதலாம், அதில் வரும் ஊருக்கோ கருப்பு உருவத்துக்கோ தனிக் கட்டுரை எழுத இன்றைக்குச் சரக்கு போதாது என்பது என் கணிப்பு.

இதற்கு விதியைத் தளர்த்துவது தீர்வு என்று எனக்குத் தோன்றவில்லை. உங்களுக்கு அந்தத் தொடர் அவ்வளவு முக்கியம் என்றால், அதைப் பற்றிய விமர்சனக் கட்டுரையை ஓர் இதழுக்கு எழுதுங்கள். படித்த துறை ஊடகவியல் என்றால் ஆய்வேடாக எழுதுங்கள். நூலகத்துக்குப் போய்ப் பழைய வார இதழ்களின் கட்டுகளைப் புரட்டுங்கள். இணையத்தில் இல்லாத அச்சு ஆதாரமும் முழு ஆதாரம்தான். இதழின் பெயர், தேதி, பக்க எண் கொடுத்தால் போதும். வார இதழ் ஒன்றின் பழைய கட்டில் கிடைக்கும் இரண்டு பக்க விமர்சனம், இணையத்தில் கிடைக்கும் இருபது செய்திக்குறிப்புகளைவிட மதிப்பு.

நீக்கல் வார்ப்புரு வந்தால்

எல்லாம் செய்தும் கட்டுரையின் தலையில் நீக்கல் வார்ப்புரு விழலாம். அது உங்கள் மேல் குற்றச்சாட்டு இல்லை. ஆங்கில விக்கிப்பீடியாவில் நீக்கல் உரையாடலுக்குப் பொதுவாக ஏழு நாள் உண்டு. தமிழில் பேச்சுப் பக்கத்தில் பேசி முடிவெடுப்பார்கள். வார்ப்புருவை நீங்களே எடுத்துவிடாதீர்கள், நண்பர்களைக் கூட்டிவந்து ஆதரவுக் குரல் கொடுக்கச் சொல்லாதீர்கள். தலையெண்ணிக்கை அங்கே பார்ப்பதில்லை, காரணத்தைத்தான் பார்க்கிறார்கள். ‘லட்சக்கணக்கானவர்கள் பார்த்த தொடர்’ என்ற வாதம் தொடருக்குச் சரி, அதில் வரும் கடைக்குப் பொருந்தாது. ‘அந்தக் கட்டுரை இருக்கிறதே’ என்பதும் எடுபடாது. எடுபடுவது ஒன்றுதான்: ‘இதோ இந்த இதழில், இந்தத் தேதியில், இதைப் பற்றியே இத்தனை பத்தி எழுதப்பட்டிருக்கிறது.’

அப்படி ஒன்று கையில் இல்லை என்றால், மற்றவர்கள் சொல்வதற்கு முன்பே நீங்களே ‘இணைத்துவிடலாம்’ என்று முன்மொழியுங்கள். எந்தக் கட்டுரையின் எந்தப் பகுதியில், எந்த மூன்று வாக்கியங்கள் என்று சொல்லுங்கள்.

அந்த மாணவர் அன்று மாலையே தன் கிரகத்தை அந்த அத்தியாயத்தைப் பற்றிய பத்தியில் மூன்று வாக்கியமாகச் சேர்த்தார். கிரகத்தின் பெயரில் ஒரு வழிமாற்றுப் பக்கம் போட்டார். அப்புறம் டிரைகார்டர் பரிசுப் போட்டி பற்றிய செய்திகளைத் திறந்து, தாளின் வலப்பக்கத்தை மறுபடி நிரப்ப ஆரம்பித்தார்.